உடைக்காத குளிசை அட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தேநீர்க்கடையில் நான் வாய் திறந்து சொன்ன ஒரு பேச்சிலிருந்து இது தொடங்கியது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஓரிடத்தில் நிற்கிற பழக்கமும் இல்லை. இலுப்பைக்கடவையில் றோட்டு வேலை, கட்டுக்கரைப் பக்கம் நெல் வயலில் அருவி வெட்டு, பிறகு ஆபிரிக்காவில் மாணிக்கக் கல் தோண்டும் குழியில் இரண்டு வருடம். அங்கே மலேரியா அதிகம். போகும்போது தடுப்புக் குளிசை தந்து, கிழமைக்கு ஒன்று விழுங்கச் சொன்னார்கள். விழுங்கினால் தலை சுற்றும், காது இரையும், கெட்ட கனவு வரும். திட்டித் திட்டித்தான் விழுங்கினேன்.

திரும்பி வந்தபின் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை, மலேரியா மருந்துகள் நரம்பைக் கெடுக்குமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்புக் கலங்களைச் சின்னத் தட்டுகளில் வளர்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வோர் அளவில் மருந்து விடுவார். பிறகு சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்துப் பார்ப்பார். நான் விழுங்கிய குளிசையின் பெயரைச் சொல்லி அதுவும் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம் அண்ணை, இருக்கு. வந்து பாருங்கோ."

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். மருந்து விடாத தட்டில் மெல்லிய நூல்கள் ஒன்றோடொன்று தொட்டு, புது வலையை விரித்ததுபோலக் கிடந்தன. மருந்து விட்ட தட்டில் அந்த நூல்கள் துண்டுதுண்டாய் அறுந்திருந்தன. கலங்கள் சுருங்கிப் போயிருந்தன.

"இதுதான் என்ர குளிசை செய்ததோ?"

"ஓம். ஆனா அண்ணை, இதில நாங்கள் விட்ட அளவு..."

நான் அதற்குள் பாத்திரம் ஏற்றிய தள்ளுவண்டியோடு கதவடிக்குப் போய்விட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இரண்டு வருடத் தலைச்சுற்றுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் அந்த வேலையையும் விட்டு மன்னாருக்கு வந்தேன்.

தேநீர்க்கடையில் என்னைப் பிடித்தவன் என்னோடு படித்த சிநேகிதன். கடல் தொழில் செய்தவன். நான் போன அதே நாட்டுக்கு, அதே வேலைக்குப் போக அவனுக்கு எல்லாம் சரிவந்திருந்தது.

"மச்சான், மலேரியாத் தடுப்புக் கந்தோரில குளிசை தந்திருக்கினம். நீ குடிச்சனிதானே, என்ன மாதிரி?"

"தொடாதை. நரம்பைத் தின்னும். நான் கண்ணால பாத்தனான்."

"நீயோ? நீ அங்க கோப்பையெல்லோ கழுவினனி!"

"கழுவினவனுக்குத்தான் உள்ளுக்க என்ன கிடந்தது எண்டு தெரியும்."

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவன் மட்டும் சிரிப்பை நிறுத்திக் கேட்டான்.

"அப்ப காய்ச்சல் வந்தால்?"

"எனக்கு வந்ததோ? நுளம்பு வலைக்குள்ள படு, காணும்."

திட்டித் திட்டியாவது விழுங்கியபடியால்தான் எனக்கு வரவில்லை என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

அவன் போய், எட்டு மாதத்தில் திரும்பி வந்தான். வந்து பத்தாம் நாள் காய்ச்சல். நானும் அவன் மனைவியும் முச்சக்கர வண்டியில் ஏற்றி ஒரு தனியார் டொக்டரிடம் கொண்டுபோனோம். வெளிநாடு போய் வந்தவரா, தடுப்புக் குளிசை குடித்தவரா என்று டொக்டர் முதலிலேயே கேட்டார்.

"ஓம் டொக்டர், கொண்டு போனவர். ஒழுங்காக் குடிச்சவர்" என்றாள் மனைவி. அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் பக்கத்துக் கதிரையில் வாய் திறக்காமல் இருந்தேன். அவளுக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

டெங்குவாக இருக்கலாம், எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கும் இரத்தம் கொடுங்கள் என்றார் டொக்டர். மறுநாள் காய்ச்சல் விட்டது. அவன் எழும்பிக் கஞ்சி குடித்தான். இனி ஆஸ்பத்திரி எதற்கு என்றான். விட்ட காய்ச்சல் திரும்பி வரும் என்பதை நான் குழியில் எத்தனையோ பேரிடம் பார்த்தவன். அதையும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவனுக்குக் கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம் வந்தது. பிறகு பிதற்றத் தொடங்கினான். மனைவியை யாரோ என்று நினைத்து, "ஆரம்மா நீங்கள்?" என்று கேட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே விறாந்தையில் வைத்துத்தான் நான் ஒரு டொக்டரைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஐயா, இவர் ஒரு குளிசையும் குடிக்கேல்லை. குடிக்க வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்."

அவன் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனுடைய காலைப் போர்த்திவிடக் குனிந்தாள்.

இரத்தத்தில் மலேரியா இருந்தது. மூளைவரைக்கும் போய்விட்டது என்றார்கள். ஐந்து நாள் அவனுக்கு நினைவில்லை. உயிர் தப்பியது. ஆனால் எழுந்து நடந்தபோது, அலையில் நிற்கிற வள்ளத்தில் நடப்பவனைப்போலத் தள்ளாடினான். வலது கை நடுங்கியது. அது இன்றைக்கும் நிற்கவில்லை. அவன் பிறகு கடலுக்குப் போகவில்லை. நரம்பு கெட்டுவிடும் என்று நான் பயங்காட்டினேன். நரம்பு கெட்டது, குளிசையால் அல்ல.

ஆய்வுகூடத்துப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் பாத்த தட்டில நாங்கள் விட்டது, ஒரு ஆளின்ர உடம்பில இருக்கிறதை விடக் கனக்கக் கூட. எந்த மருந்தை எந்த அளவில கவனிக்க வேணும் எண்டு அறியத்தான் அப்பிடிச் செய்யிறது. சிலருக்கு அந்தக் குளிசை ஒத்துவராதுதான். அவைக்கு வேற குளிசை இருக்கு. டொக்டரிட்டக் கேட்டால் மாத்தித் தருவினம்." பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்டைக்கு இதைத்தான் சொல்ல வந்தனான்."

அவனைப் பார்க்கப் போன ஒருநாள், மனைவி அலுமாரியைத் திறந்தாள். அவன் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டின் மடிப்புக்குள் அவன் ஒளித்து வைத்திருந்த குளிசை அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். ஒரு குளிசையும் உடைக்கப்படவில்லை.

"நீங்களே வச்சிருங்கோ அண்ணை" என்றாள். அலுமாரியைச் சாத்தினாள். உள்ளே அவன் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். "மச்சான், வா, இரு" என்று கூப்பிட்டான்.

அதற்குப் பிறகும் நான் பல ஊர் மாறிவிட்டேன். அந்த அட்டை இன்னும் என் பையில் கிடக்கிறது. யாராவது என்னிடம் ஏதாவது யோசனை கேட்டால், தள்ளுவண்டியோடு கதவடியில் நின்ற என்னை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை ஒரு நிமிடம் நின்றிருந்தால், அவன் இன்றைக்கு ஒரு கையால் கோப்பையைப் பிடித்திருப்பான்.