சுரேந்தரின் வெறுங்கால்

சுரேந்தர் டிரம்ஸில் உட்காரும்போது செருப்பைக் கழற்றிவிடுவான். பெங்களூர் பசங்கள் அதைப் பக்தி என்று நினைத்து மொபைலில் படம் பிடிப்பார்கள். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது! அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மேடைப் பலகையில் ஏறி வரும் என் பேஸ் கிடாரின் அதிர்வைப் பாதத்தால் பிடித்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பேண்டின் பெயர் 'கருங்கல்'. ஓசூரில் ராக் பேண்டா என்று கேட்டுச் சிரித்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தோம். பாடுகிற ஷோயப்புக்கு பாகலூர் ரோட்டில் டயர் கடை. நான் நவீன்குமார், ஒரு கியர் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. சுரேந்தர் வேறொரு கம்பெனியில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். தகடு வைத்து பட்டனை அமுக்கினால் அச்சு தடாலென்று இறங்கும். கிடார்காரர்கள் வருவார்கள், ஐ.டி. வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். நாங்கள் மூவரும் எங்கும் போகவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, அத்திப்பள்ளி எல்லை நெரிசலில் டிரம்ஸோடு மாட்டிக்கொண்டு, யூனிஃபார்மை வண்டியிலேயே மாற்றி, பெங்களூரில் மேடை ஏறுவோம். ஷோயப் நடுவில் நாலு வரி கன்னடத்தில் எடுத்துவிட்டால் போதும், "ஒன்ஸ் மோர் குரு!" என்று கூட்டம் கூரையைப் பிய்க்கும்.

எங்கள் பாட்டுக்கெல்லாம் தாளம் அந்தப் பிரஸ் மிஷின் கொடுத்ததுதான். அதுவே வினையாகவும் வந்தது. கம்பெனி கொடுத்த இயர் பிளக்கை சுரேந்தர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை செய்தான். காதை அடைத்தால் தாளம் கேட்காதாம். மிஷின் பக்கத்தில் நின்று தொடையில் தட்டித் தட்டியே முதல் ஆல்பத்தைக் கட்டினான். நான் எவ்வளவோ திட்டிப் பார்த்தேன். காதில் வாங்கினால்தானே!

போன வருஷம் கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருந்தபோது அவனே சொன்னான். ஷட்டர் திறந்திருந்தது. தண்ணீர் வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளி விழுந்துகொண்டிருந்தது.

"தண்ணி சத்தம் கேக்குதாடா உனக்கு?" என்றான்.

"காது கிழியுது."

என் உதட்டையே பார்த்தான். "எனக்கு நுரை மட்டுந்தான் தெரியுது."

அப்போதே டாக்டரிடம் இழுத்தேன். கையை உதறினான். "வெளிய தெரிஞ்சா பிரஸ்ஸ விட்டு எடுத்துடுவாங்க. ஷோயப்பும் வேற ஆளப் பாத்துக்குவான். ரெண்டும் போனா அப்பறம் நான் என்னாத்துக்குடா? யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

அவனுக்கு என்ன புத்தி பாருங்கள். கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் காது டெஸ்ட்டில், பட்டன் அமுக்கும் பெண்ணின் விரலைப் பார்த்துக் கையைத் தூக்கிப் பாஸ் பண்ணினான். யார் எது சொன்னாலும், கேட்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே "சரி, சரி" என்பான். அவன் மனைவி ஜெயப்ரியாவுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணா, இவரு இப்பல்லாம் எதுத்தே பேசறதில்லீங்க" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவன் கம்பெனியிலேயே எங்கள் கச்சேரி. மிஷின்களையெல்லாம் நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஷெட் செத்த மாதிரி கிடந்தது. மேடை இல்லை. ஸ்டோர்ஸ் முன்னால் சிமெண்ட் தரை, அதன்மேல் ஒரு கார்பெட். பார்த்ததும் சுரேந்தரை ஓரமாக இழுத்தேன்.

"இந்தத் தரைல உன் காலுக்கு ஒண்ணும் ஏறாதுடா. பலக போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"சரி, சரி" என்று சொல்லிவிட்டு, இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். மற்ற நாளாக இருந்தால் ஷூ இல்லாமல் உள்ளே ஒரு அடி வைக்க விடமாட்டார்கள். பூஜை நாளில் யார் கேட்கப்போகிறார்கள்? நான் பலகை தேடுவதற்குள் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டிலேயே தாளம் பிசகியது. அவன் கண்கள் என் விரலை விட்டு நகரவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்து குங்குமம் கரைந்தது. ஷோயப் திரும்பி முறைத்தான். கூட வேலை செய்கிறவர்களோ ஒன்றும் புரியாமல் விசிலடித்தார்கள். பாட்டு முடிந்ததும் வண்டி பூஜைக்காக எங்களை நிறுத்தச் சொன்னார்கள்.

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டும் அன்புமணி தன் வண்டிக்கு இரண்டு பக்கமும் முழு வாழை மரம் கட்டியிருந்தான். நடுவில் ஆளுயர மாலை. எதிரில் யானை நின்றாலும் அவனுக்குத் தெரியாது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். அவன் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி பழத்தை நசுக்கி, ஷெட்டைச் சுற்றி வர ஆரம்பித்தான். வருஷா வருஷம் இப்படித்தான். ஹாரன் அடித்தால் மனுஷன் விலகுவான் என்ற நம்பிக்கைதான்.

எல்லோரும் விலகினார்கள். சுரேந்தர் மட்டும் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, காலால் அடிக்கும் கிக் டிரம்மின் பெடலை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"சுரேந்தரு! டேய்!" என்று ஷெட்டே கத்தியது. நான் கத்தவில்லை. கிடாரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். உடம்பு வந்துவிட்டது. வலது கால் வரவில்லை.

அவன் அலறியது எனக்கு இன்னும் கேட்கிறது. அவனுக்குக் கேட்டிருக்குமா என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாஸ்க்கோடு வந்தார். எலும்பெல்லாம் நொறுங்கிவிட்டது, முன்பாதத்தை எடுத்தாக வேண்டும் என்று நிதானமாக, கனிவாகச் சொன்னார். ஜெயப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுரேந்தர் அந்த மாஸ்க்கைப் பார்த்துச் சிரித்தான். "சரிங்க சார், சரிங்க" என்றான்.

ஜெயப்ரியா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, டாக்டர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரிய, மெதுவாகச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவன் சிரிப்பு நின்றுவிட்டது.