சௌந்தரம்மாளின் அண்டாவில் வெந்த ஸ்வெட்டர்

பால் கறக்கப் போன அம்மா அன்று வெறும் செம்போடு திரும்பி வந்தாள். வாசலில் நின்றபடியே, "சௌந்தரம்மா போயிட்டாங்க. காபி கேட்டாங்களாம். கொண்டாந்து பாத்தா உசுரு இல்ல" என்றாள். நான் சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடவில்லை.

மாதர் சங்கத்தின் காரியதரிசி ஜெயம்மா மறுநாளே வீட்டுக்கு வந்தார். "நீதான் படிக்கிற பொண்ணு. தலைவியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடு கண்ணு, இரங்கல் கூட்டத்துல படிக்கணும்" என்றார். பள்ளி நூலகத்துக்குப் போய், பழைய பத்திரிகைகளில் வந்த இரங்கல் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அவற்றில் செத்துப்போன எல்லோருமே அன்பானவர்கள். கோபக்காரர்கள் யாரும் சாவதில்லை போலிருக்கிறது. சங்கத்துப் பெண்களாகிய உங்களுக்குச் சௌந்தரம்மாளை நன்றாகத் தெரியும். அதனால் அவரை அன்பானவர் என்று எழுதி உங்களை ஏமாற்ற முடியாது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் பழைய கம்பளித் துணியிலிருந்து ஃபெல்ட் என்னும் நூல் பிரியாத கெட்டித் துணி செய்ய முடியும் என்று காட்டியவர் அவர்தான். மாட்டு டாக்டராக இருந்த அவருடைய கணவர் இறந்த மறுமாதம், சங்கத்தை வீட்டுக் கூடத்திலேயே கூட்டினார். கணவருக்காகத் தானே பின்னிய ஸ்வெட்டரை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் பொத்தான்களை வெட்டி எடுத்து, கொதிக்கும் அண்டாவில் போட்டார். சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு, கட்டையால் குத்திக் குத்திக் கிளறினார். பிறகு கிணற்றுத் தண்ணீரில் முக்கி, மறுபடியும் வெந்நீரில் முக்கினார். ஆள் போடும் ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி, தோசைக்கல்லைப் போலக் கெட்டியாயிற்று. கத்தரியால் எங்கே வெட்டினாலும் நூல் பிரியவில்லை. "சூடு பட்டாத்தான் கம்பளி ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். மனுஷங்களும் அப்படித்தான்" என்றார். அதிலிருந்து மூக்குக்கண்ணாடி உறையும், ஊசி குத்தி வைக்கும் மெத்தையும் தைத்துக் காட்டினார். அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. என்ன தைரியம் என்று நீங்கள் எல்லோரும் வியந்தீர்கள். நானும் வியந்தேன்.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. கிருஷ்ணகிரியில் நடக்கும் பொருட்காட்சிக்குப் பொம்மைகள் அனுப்ப வேண்டும். வீட்டுக்கு ஒரு கம்பளித் துணி. "கொண்டு வராதவங்க சங்கத்துல உக்காந்து என்ன பண்ணப் போறாங்க?" என்றார்.

என் அம்மா அந்த வீட்டுக்கு எப்போதும் கொல்லைப்புறமாகத்தான் போவாள். மூக்கண்டப்பள்ளியிலிருந்து இருட்டோடு நடந்து போய், அவர்கள் மாட்டைக் கறந்து வைத்துவிட்டு, அதே வழியாகத் திரும்புவாள். சங்கம் வந்த பிறகுதான் முன்வாசல் வழியாக உள்ளே போய் மற்றவர்களோடு உட்கார்ந்தாள். அன்று வீட்டுக்கு வந்து, "ஜமக்காளம் விரிச்சிருந்தாங்க பாப்பா, என்னையும் உக்காருன்னாங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். அந்த இடத்தை விட அவளுக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் இருந்த கம்பளி ஒன்றே ஒன்று. அவள் தினமும் போட்டுக்கொண்டு பால் கறக்கப் போகும் பழுப்பு ஸ்வெட்டர். முழங்கையில் பச்சை நூலால் தைத்தது. அதைத் துவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போனபோது, அண்டாவிலிருந்து கட்டையால் தூக்கிய துணியில் அந்தப் பச்சை நூலைப் பார்த்தேன்.

"இது எங்கம்மாவுது" என்றேன்.

"ஆமா. உங்கம்மாதான் குடுத்தா. யாரும் பிடுங்கலை" என்றார் சௌந்தரம்மாள்.

"இது ஒண்ணுதாங்க இருக்குது. தினமும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் உங்க மாட்டையே கறக்குறாங்க. நீங்க பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். அதுக்கென்ன இப்போ?"

யாரோ, "அடேயப்பா, வக்கீலம்மா வந்துட்டாங்க" என்றார்கள். கூடம் சிரித்தது. ஜெயம்மா கன்னடத்தில், "ஹோக்லி பிடு, போகட்டும் விடு கண்ணு" என்று என் தோளைப் பிடித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா இரு பாப்பா. நானாத்தான் குடுத்தேன்" என்றாள்.

சௌந்தரம்மாள் கட்டையைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரர் ஸ்வெட்டரையே இதுல போட்டேன். இந்தக் கையால பின்னினது. எனக்கு இல்லாத வலி உனக்கு என்னடி?"

"அவருக்கு இனிமே குளிராதுங்க. எங்கம்மாவுக்குக் குளிரும்."

சிரிப்பு நின்றது. சௌந்தரம்மாள் அண்டாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். எதற்கும் பதில் வைத்திருப்பவர் அவர். பெரிய அதிகாரிகள் வீட்டுப் பெண்களையே ஒரே வார்த்தையில் உட்கார வைத்தவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஜெயம்மா, இந்தப் பொண்ணை வெளிய அனுப்பு. இனிமே உள்ள விடாதே" என்றார்.

அந்த மார்கழி முழுவதும் அம்மா கோணிப்பையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பால் கறந்தாள். மாட்டின் மடியைத் தொடுவதற்கு முன்னால் கைகளை அக்குளில் வைத்துச் சூடுபடுத்திக்கொள்வாளாம். சௌந்தரம்மாள் கொல்லைக் கதவைத் திறந்து, "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி, இல்ல?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டார். அவருடைய அலமாரியில் சால்வைகள் இருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

பொருட்காட்சிக்குப் பள்ளியிலிருந்து எங்களை பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். குருபரப்பள்ளி தாண்டும்வரை எல்லோரும் பாடினார்கள், நான் பாடவில்லை. ஓசூர் மாதர் சங்கத்தின் மேஜையில் ஒரு பழுப்பு யானை நின்றது. ஒரு காதில் பச்சைத் தையல். "அட, காதுல பூ வேலை பாரேன்!" என்றாள் ஒருத்தி. யானை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். சௌந்தரம்மாள் கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்தை நல்ல மனம் என்று எழுதச் சொன்னால் மட்டும் என் பேனா நகராது.

சௌந்தரம்மாள் இறந்த அன்றே சாவு வீட்டுக்கு அம்மா மறுபடி போனாள், கொல்லைப்புறமாகவே. மத்தியானம் திரும்பி வந்து, "குளிப்பாட்ட ஆள் போதலை. நான்தான் ஊத்தினேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கிணத்துத் தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு. அடுப்பு மூட்டிச் சுட வெச்சு ஊத்தினேன், பாவம்" என்றாள்.

"செத்தவங்களுக்கு என்னம்மா குளிரு?" என்று கத்தினேன்.

"அதெல்லாம் உனக்குத் தெரியாது. போய்ப் படி" என்றாள்.

அம்மா மன்னித்திருக்கலாம். அது அவளுடைய ஸ்வெட்டர், அவளுடைய குளிர். மன்னிக்க அவளுக்கு உரிமை உண்டு. நான் மன்னிக்கவில்லை. ஜெயம்மா இதைக் கூட்டத்தில் படிக்காமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அவர் சொன்னவற்றை, தைத்தவற்றை, அவருடைய தைரியத்தை உங்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து, பதில் கிடைக்காமல் மூடினாரே, அந்த ஒரு கணத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். தான் செய்தது என்ன என்று அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.