கல் தூள் மேடை

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரனுக்குப் பூமிக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் கவலை இருக்க வேண்டும். எனக்கோ அன்று வானத்துத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சோளக்காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். முந்நூறு அடியில் பாறையை உடைக்கும் ஹேமர் சிக்கிக்கொண்டது. திருச்செங்கோட்டிலிருந்து அதை எடுக்கும் சாமான் வர இரண்டு நாளாகும் என்றார்கள். அதுவரை அங்கேயே கூடாரம் போட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

காலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து மணிக்கு மேற்கே கருத்தது, பதினொன்றுக்கு வெளுத்தது. தார்ப்பாயைக் கிழக்கு பார்த்துக் கட்டினேன். அவிழ்த்து வடக்கு பார்த்துக் கட்டினேன். எனக்கும் உட்காரத் தெரியாது, அடுத்தவனையும் உட்கார விடமாட்டேன்.

எங்கள் சமையல்கார அண்ணனுக்கு இளைப்பு உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று இன்ஹேலரை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். ஈரத்தரையில் படுத்தால் அவருக்கு மூச்சு வாங்கும். அவரை நனையாமல் வைத்துக்கொள்ளத்தான் இத்தனை பரபரப்பும்.

போர்க்குழியைச் சுற்றிக் கம்ப்ரஸர் ஊதித்தள்ளிய கல் தூள் குவிந்து கிடந்தது. மாவு மாதிரி காய்ந்து மெத்தென்று இருந்தது. ரிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? அதை அள்ளிவந்து கூடாரத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு மேடை போட்டேன். இருந்த ஒரே தார்ப்பாய் கூரைக்குப் போய்விட்டதால் மேலே சாக்கு விரித்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, ரிக் லாரிக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிறேனே என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்து மேடையில் உட்கார வைத்தேன்.

மழை வரவில்லை. மூன்று மணிக்குக் காற்றுதான் வந்தது. சாக்கு பறந்தது, கூடாரத்துக்குள் ஒரே புழுதி. எல்லோரும் வெளியே ஓடிவந்தோம், அண்ணனைத் தவிர. இழுத்து வெளியே கொண்டுவந்தபோது அவர் நெஞ்சு விசிலடித்தது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஹேமர் சிக்கிய குழியை விட்டு லாரியை நகர்த்த முடியாது. முதலாளி காரோடு மல்லசமுத்திரத்தில் தங்கியிருந்தார். நான் போனை எடுத்தேன்.

"ஓனருகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி," என்றார் அண்ணன், மூச்சுக்கு நடுவில்.

சொன்னேன். கார் வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு நாளில் தேறிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு முதலாளி அவரை எந்த ரிக் வண்டியிலும் வேலைக்கு ஏற்றவில்லை. அவர் வேலையைப் பறித்தது முதலாளியல்ல, நான்தான்.

கார் போன அன்று சாயங்காலமே மழை கொட்டியது. காட்டில் கணுக்கால் தண்ணீர். மிச்சமிருந்த மேடையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் போய் லாரிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன்.