கமலாவுக்கு எந்த வகை நீர்க்கட்டி?

ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறவனிடம்தான் ஊரே வைத்தியம் கேட்கும். வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்கிய ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் என் பிழைப்பு அதுதான்.

சர்க்கரை வகை

கமலா நர்சரி பள்ளி டீச்சர். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். மாமியாரோடு வந்தாள். ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்ப வேண்டுமே, மாமியார் சொம்பு சொம்பாக ஊற்றினார். அந்தக் கோடையில் தெப்பக்குளம் வற்றியதற்கு எங்கள் சென்டர்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு, நான் மறுக்கவில்லை.

சினைப்பை இரண்டிலும் நீர்க்கட்டி. பக்கத்துத் தெரு டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னாராம்: திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்று. சர்க்கரையால் வந்த வகை என்று எழுதிவிட்டாராம். ரிப்போர்ட் நகல் வாங்க வந்த கமலா மெதுவாகச் சொன்னாள்: "மாமா, எனக்கு ஸ்வீட்டே பிடிக்காது. திங்கறது அவாதான்."

கவலை வகை

அடுத்த மாதம் பெற்ற தாயோடு தி. நகர் டாக்டர். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பெண் புகுந்த இடத்தில் படும் பாட்டை முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறார். கவலையால் வந்த வகை என்று முடிவாயிற்று. மறுபடி ஸ்கேனுக்கு வந்தபோது, அதற்கு மாத்திரை உண்டா என்று அம்மாவிடம் அப்பாவியாகக் கேட்டேன். அவர் என்னை முறைத்தார்: "மாத்திரை எதுக்கு? காரணம் அவா ஆத்துல கால் நீட்டிண்டு உக்காந்திருக்கே!"

எடை வகை

பிறகு கணவனோடு அடையாறு. எடை ஏறியதால் வந்த வகை என்றார் அந்த டாக்டர். கடைசியாக விலக்கான தேதி கேட்டபோதுதான் சிக்கல். கமலா தினசரி காலண்டர் தாளில் புள்ளி வைப்பாள். கணவனோ காலையில் பல் தேய்க்குமுன் தாளைக் கிழித்துச் சுருட்டி எறிந்துவிடுவான். ரிப்போர்ட் வாங்க வந்த கணவனிடம், அப்புறம் என்ன தேதி சொன்னீர்கள் என்று கேட்டேன். "சும்மா ஒண்ணு சொன்னேன் சார், டாக்டர் முன்னாடி முழிச்சிண்டு நிக்க முடியுமா?"

நாலாவது வகை

கடைசியில் மாமியார், அம்மா, கணவன் மூவரும் கமலாவோடு ஒன்றாக வந்தார்கள், கையில் ஆளுக்கொரு டாக்டர் சீட்டு. எனக்கே தலை சுற்றியது. கமலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எந்த வகையானாலும் போகட்டும், தனக்குக் குழந்தை பிறக்குமா என்று. நான் ஒரு புது விதியை இட்டுக்கட்டினேன்: கூட வந்தவர்கள் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். யார் சீட்டு மேலே என்று எதிர் ஜெராக்ஸ் கடையில் சண்டை மூண்டது. அந்த இடைவெளியில் கமலாவை மட்டும் எங்கள் சென்டர் டாக்டரம்மாவிடம் அனுப்பினேன்.

அரை மணி நேரம் பேசினாள். மோவாயில் முளைக்கும் முடியை ரகசியமாகப் பிடுங்குவதை முதன்முதலாகச் சொன்னாளாம். அந்த முடியும் இதற்கு ஒரு அறிகுறிதான், ஸ்கேனை மட்டும் பார்த்து வகை பிரிக்க முடியாது, ரத்தப் பரிசோதனைகள் வேண்டும், இரண்டு மூன்று காரணம் கலந்தும் இருக்கலாம், பலருக்கும் சிகிச்சையில் குழந்தை பிறக்கிறது என்றாராம் டாக்டரம்மா. வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்: "எந்த வகைன்னு இன்னும் தெரியலை மாமா. ஆனா வழி இருக்காம். அடுத்த தடவை நான் தனியா வரேன், அவாகிட்ட சொல்லிடாதேங்கோ."

பத்து வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தும் நீர்க்கட்டி எத்தனை வகை என்று எனக்குப் பிடிபடவேயில்லை. கூட வருகிறவர்கள் எத்தனை வகை என்று வேண்டுமானால் கேளுங்கள், ஒப்பிக்கிறேன்.