கப்பல் கரைக்குத் திரும்பும் வரை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை சின்னது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சூடேறினால் பிளாஸ்டிக் வாசம் அடிக்கும் லேமினேஷன் மிஷின் ஒன்று. அச்சாகி வரும் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பாள். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பாள்.

"ஏம்மா, வீட்டு வாடகைக்கு ஒரு ரசீது கேட்டேன். கல்வெட்டா கேட்டேன்?" என்று காத்திருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

"கோணலா குடுத்தா நாளைக்கு என்னைத்தானே சொல்வீங்க" என்பாள்.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிட்டது. அம்மா படுத்த படுக்கையானபோது தம்பிக்கு ஏழு வயது. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெருவில் தட்டச்சு கற்றுக்கொண்டாள். படிப்பு நின்ற குறையை அவள் விரலும் கண்ணும் தீர்த்துவிட்டன என்றே சொல்ல வேண்டும். வக்கீல் குமாஸ்தாக்கள்கூட அவளிடம்தான் வருவார்கள். தட்டச்சு செய்யச் சொல்லிக் கையால் எழுதிக் கொடுக்கும் மூலத்தாளை அவள் தூக்கிப் போடுவதே இல்லை. வருஷவாரியாகக் கோப்பில் போட்டு வைப்பாள். நாளைக்கு யாராவது "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று வந்தால் எடுத்துக் காட்டலாம் அல்லவா.

தம்பிக்கு அவளை நினைத்தால் பெருமை பிடிபடாது. எந்தக் காகிதம் வந்தாலும் அவன் படிக்க மாட்டான். "அக்கா பாத்துட்டா" என்பான். அத்துடன் அவனுக்கு அந்தக் காகிதத்தின் வேலை முடிந்தது.

அவனுக்கு இருபத்திரண்டு வயதானபோது கோட்டுக்காரர் அந்தத் தெருவுக்கு வந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். மீன்பிடிக் கப்பல்களுக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார். தம்பியோடு சேர்த்து ஒன்பது பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். ஒப்பந்தத்தை அழகாக அச்சடிக்க வேண்டும் என்று நாலு பக்கக் கையெழுத்துப் பிரதியை ஸ்கேல் அக்காவிடம் நீட்டினார். அடித்தலும் திருத்தலுமாக, பார்க்கவே சகிக்காத காகிதம். அப்படியே விட்டிருந்தால் அதைப் பார்த்த எவனுக்கும் ஒரு சந்தேகம் தட்டியிருக்கும்.

அவள் வழக்கம்போல் முதலில் முழுவதும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

"சார், முதல் பக்கத்துல ரெண்டு வருஷம்னு இருக்கு. இங்க கப்பல் கரைக்குத் திரும்பும் வரைன்னு இருக்கு. எது சரி?"

கோட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "அட. எத்தனை பேர் பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல. உங்க கண்ணு கண்ணும்மா."

பச்சை மைப் பேனாவைத் திறந்தார். அவளுடைய கேள்விக்குறிக்குப் பக்கத்திலேயே எழுதினார்: "நீங்கள் கேட்டது சரி. கப்பல் கரைக்குத் திரும்பும் வரை என்றே எல்லா இடத்திலும் போடவும்."

கப்பல் எப்போது திரும்பும் என்று கேட்க அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். மிஷின் சூடேறியிருந்தது. அவர் பாராட்டிய இனிப்பு வேறு இன்னும் காதில் இருந்தது. கேட்கவில்லை. இரண்டு வருஷம் என்பதை எடுத்தாள். நாலு பக்கமும் முன்னுக்குப் பின் முரணில்லாமல், பளிங்கு மாதிரி வந்தது.

கையெழுத்து அவள் கடையிலேயே நடந்தது. எதிர்க்கடையில் துணி தைக்கும் அத்தையின் ஒரே மகன் ஒல்லியும் அந்த ஒன்பது பேரில் ஒருவன். தம்பிக்கு உயிர்க் கூட்டாளி. மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், தன் பேரை மட்டும் எழுதுவான். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினான்.

"டேய், எத்தனை நாளுன்னு போட்டிருக்கு?"

"எங்க அக்கா ரெண்டு தடவ படிச்சுட்டாடா. அவ கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போகாது. கண்ண மூடிட்டுப் போடு."

ஒல்லி கண்ணை மூடவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கையில் கத்தரிக்கோல். தம்பியின் பிரதியை லேமினேஷன் செய்து ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கடலில் நனைந்துவிடக் கூடாதே என்று. தம்பி சொன்னதைக் கேட்ட சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது. ஒல்லியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் பேரை எழுதினான்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரு தகவலும் இல்லை.

முதல் வருஷம் கோட்டுக்காரர் "நடுக்கடல்ல டவர் ஏதும்மா?" என்று சிரித்தார். இரண்டாம் வருஷம் ஊரையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அத்தை வாரம் ஒரு மனு எழுதச் சொல்வாள்.

"நல்லா அழகா அடிச்சுக் குடு கண்ணு. அழகா இருந்தா படிப்பாங்க."

அவளும் அடித்துக் கொடுத்தாள், ஸ்கேல் வைத்து.

நாலாம் வருஷக் கடைசியில் அந்தக் கப்பலின் இன்ஜின் அறை தீப்பிடித்தது. ஏதோ ஒரு நாட்டின் கடற்படை அதை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் கட்டியது. எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். தம்பியின் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. சோற்றை நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வான். "உக்காந்து சாப்பிடுடா, யாரும் பிடுங்க மாட்டாங்க" என்று அவள் ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அவன் கொண்டுவந்த பையில் கந்தலாய்ப் போன இரண்டு சட்டை இருந்தது. அவற்றுக்கு நடுவே அந்த லேமினேஷன் காகிதம். ஒரு எழுத்து அழியவில்லை.

"இது ஒண்ணுதான் நனையல" என்றான். குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னான்.

பேச்சு அவனிடமிருந்து துண்டு துண்டாகத்தான் வந்தது. ஏறிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம், சில நாள் இருபது, தூண்டில் கயிறு இழுக்க வேண்டும். ஒரே பலகையில் மூன்று பேர் முறை வைத்துத் தூங்கினார்கள். கப்பல் கரைக்கு வரவே இல்லை. மாதத்துக்கு ஒரு பெரிய கப்பல் வந்து மீனை அள்ளிக்கொண்டு, டீசலும் அரிசியும் கொடுத்துவிட்டுப் போகும்.

"ரெண்டு வருஷம் ஆனதும் எல்லாரும் போய் நின்னோம்கா. கேப்டன் என் பேப்பரையே வாங்கிப் பாத்தான். கரைக்குத் திரும்பும் வரைங்கற வரி மேல விரல வெச்சுத் தட்டினான். கரை வந்தா இறங்கிக்கோ, நானா வேண்டாங்கறேன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு."

அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"ஒல்லி?"

"கால் வீங்குச்சு. அப்புறம் மூச்சு வாங்குச்சு. இருபது நாள் கெடந்தான். ஆஸ்பத்திரி இருக்கற கரைக்கு ரெண்டே நாள் தூரம். ஆனா கரைக்குப் போனா அத்தனை பேர் ஒப்பந்தமும் முடிஞ்சிருமே. அதனால போகல."

அந்த வாக்கியம் அவளுக்குள் இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டது. விரலால் விசைப்பலகையைத் தட்டும்போதெல்லாம் அது தட்டியது. அதனால போகல.

இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கோட்டுக்காரரைப் பிடித்துவிட்டார்களாம். ஆனால் அவர் கையைக் கழுவிவிட்டார். ஒப்பந்தம் கப்பல் கம்பெனி கொடுத்தது, நான் தபால்காரன் மாதிரி வாங்கிக் கொடுத்தேன், அதில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாது என்கிறாராம்.

"அவர்தான் எழுதினார்னு காட்ட ஏதாவது இருந்தா நல்லது. இல்லன்னா வெளிய வந்துடுவார்" என்றார் அதிகாரி.

அத்தை ஸ்கேல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே அடிச்ச, கண்ணு. எதாச்சும் இருக்கானு பாரேன்."

"பாக்கறேன் அத்தை" என்றாள். பார்க்க ஒன்றுமில்லை. எந்த அலமாரி, எந்தத் தட்டு, எத்தனையாவது கோப்பு என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஐந்து நாள் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. ஆறாம் நாள் காலையில், கடை திறந்த கையோடு, கோப்பை எடுத்தாள். மூன்றாம் பக்கம். அவளுடைய பென்சில் வட்டம், கேள்விக்குறி. பக்கத்தில் பச்சை மை. கோட்டுக்காரர் உள்ளே போக இந்த ஒரு தாள் போதும். கூடவே, இரண்டு வருஷம் என்று ஒரு வரி இருந்ததும், அதைக் கண்டுபிடித்தவள் யார் என்பதும், எடுத்தவள் யார் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும்.

அவளிடம் நல்ல ரப்பர் ஒன்று உண்டு. தடம் தெரியாமல் அழிக்கும். எடுத்தாள். வட்டத்தை அழித்தாள். கேள்விக்குறியையும் அழித்தாள். துகளை ஊதிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் பச்சை மை முதல் வார்த்தையிலேயே அவளைக் கூப்பிட்டது. நீங்கள் கேட்டது சரி.

யார் கேட்டது என்று அதிகாரி கேட்பார். தாளைக் கொடுத்தால் அவளும் அதோடு போக வேண்டியதுதான். கொடுக்காவிட்டால் கோட்டுக்காரர் வெளியே வந்து, இன்னொரு தெருவில் இன்னொரு சின்னக் கடையில் நாலு பக்கத்தை நீட்டுவார். பென்சிலைச் சீவி, வட்டத்தையும் கேள்விக்குறியையும் இருந்த இடத்திலேயே மறுபடி போட்டாள். இந்தத் தடவை வட்டம் கோணலாக வந்தது. அப்படியே விட்டாள்.

மத்தியானம் தம்பி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தாளை அவன் முன் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"படி."

"நீ சொல்லேன்."

"நீ படிடா."

படித்தான். அவனுக்கு நேரம் பிடித்தது. பிறகு முதல் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ எடுத்துட்ட."

"நான்தான் எடுத்தேன். ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருக்கேன்னு."

மடங்காத இரண்டு விரலால் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "கப்பல் எப்போ திரும்பும்னு கேக்கணும்னு உனக்குத் தோணலையா?"

தோணவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அவள் சொல்லி அவன் எதைத்தான் நம்பாமல் இருந்தான்?

"தோணுச்சு. கேக்கல."

தம்பி எழுந்து தண்ணீர் குடித்தான். கீழே சிந்தியதைக் காலால் தேய்த்தான்.

"நான் சொன்னத ஒல்லி நம்பலக்கா" என்றான் சுவரைப் பார்த்து. "உன்னைப் பாத்தான். நீ தலையாட்டின. அப்புறம்தான் போட்டான்."

அந்தத் தலையாட்டல் தனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று இத்தனை நாள் அவள் நம்பியிருந்தாள்.

"அத்தைகிட்ட நீதான் சொல்லணும்" என்றான். "நான் சொல்ல மாட்டேன்." ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனான். தூக்கு திறக்கப்படாமல் மேஜையில் இருந்தது.

அவள் தெருவைக் கடந்தாள். பத்தடித் தெருதான். அத்தை மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும், "கெடச்சுதா கண்ணு?" என்று முகம் மலர்ந்தாள்.

அத்தைக்கும் படிக்கத் தெரியாது. ஸ்கேல் அக்கா நின்றபடியே முழுவதும் படித்துக் காட்டினாள். தன் கேள்விக்குறியையும் காட்டினாள். அன்றைக்கு வாய் வரை வந்ததையும், அதை விழுங்கியதையும், ஒல்லி பார்த்ததையும், தான் தலையாட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அத்தை மிதிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று அவள் கவனிக்கவில்லை.

"அவனுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "உனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். பிறகு ஊசிக்கு நூல் கோக்கக் குனிந்தாள். நூல் கோத்துத் தருவது பல வருஷமாக ஸ்கேல் அக்காவின் வேலை. கையை நீட்டினாள். அத்தை கொடுக்கவில்லை. நாலைந்து தடவை தவறி, தானே கோத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல குடுத்துடு. அவன் வெளிய வரக் கூடாது" என்றாள் துணியைப் பார்த்துக்கொண்டே.

மறுநாளே கொடுத்தாள். அதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார். வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். அவள் கையாலேயே எழுதினாள். நடுவில் "எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்த ஒரு வரியை அடித்துவிட்டுத் தொடர்ந்தாள். வேறு தாள் வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றாள். "பென்சிலை ஒரு தடவ அழிச்சுட்டு மறுபடி போட்டிருக்கேன், அதையும் எழுதியிருக்கேன்" என்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு காகிதத்தையும் சேர்த்துக் கோப்பில் வைத்தார்.

அவள் கடைக்குத் திரும்பியபோது, அத்தையிடம் தைக்கக் கொடுத்திருந்த துணி தைக்காமல், மடிப்புக் கலையாமல் கடைப் படியில் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தாள். இன்னும் வைத்திருக்கிறாள்.

கோட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. அத்தை அவளிடம் பேசுவதில்லை. மனு எழுத வேண்டுமென்றால் அடுத்த தெருவுக்குப் போகிறாள். அங்கே அடிப்பவன் ஓரம் பார்க்கமாட்டான் என்று ஸ்கேல் அக்காவுக்கு மனம் அடித்துக்கொள்ளும்.

தம்பி பேசுகிறான். போன மாதம் ஒரு சேமிப்புக் கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. நியமனக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் வந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடங்காத விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்துப் படித்தான். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். இரண்டாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது.

"இந்த வரி புரியல" என்றான்.

அவள் எழுந்தாள்.

"நீ சொல்லாத. நானே இன்னொரு தடவ படிக்கறேன்."

அவள் உட்கார்ந்துகொண்டாள். அவன் படித்து முடிக்கும் வரை, மிஷினை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் இருந்தாள்.