ஷிஃப்ட் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கீரைக்கடை

சந்தை எங்கே கூடினாலும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். அதனால் போன மாசியில் எஸ்தர் போன் செய்து, சனிக்கிழமை சாயங்காலம் வாலாஜாபாத்தில் முதல்முறையாகக் கடை போடப்போகிறோம், வருகிறீர்களா என்று கேட்டதும் உடனே சரி சொல்லிவிட்டேன். எஸ்தர் உத்திரமேரூர் பக்கம் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவர். தாம்பரத்தில் ஒரு காய்கறிக் கண்காட்சியில் பழக்கமானவர்.

தாம்பரத்தில் எட்டேகால் மணி மின்சார ரயிலைப் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து உத்திரமேரூர் பஸ். ரயிலுக்குப் பத்து ரூபாய், பஸ்ஸுக்கு முப்பது சொச்சம். ஜன்னலோரம் கிடைத்தால் ஏரி ஏரியாகப் பார்த்துக்கொண்டே போகலாம். பத்தரைக்கு இறங்கி, கல்வெட்டுக் கோயிலில் அரை மணி நேரம் சுற்றினேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கீரைக்கு வருகிறேன்.

ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். வரப்பிலேயே எஸ்தர் நின்றிருந்தார். "நாஷ்டா ஆச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் சிறுகீரைப் பாத்திகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து நிலம் தேவகியுடையது. அவரும் கீரைதான், கூடவே கொஞ்சம் கத்தரி. தேவகியின் கணவர் சேகர் ஒரு குட்டியானை வைத்திருக்கிறார். சின்ன லோடு வண்டிக்கு இங்கெல்லாம் அதுதான் பெயர். இரண்டு பேர் கீரையும் அதில்தான் விடியற்காலையில் காஞ்சிபுரம் மண்டிக்குப் போகும். நல்ல நாளில் கட்டு ஐந்து ரூபாய். அதே கட்டு இரண்டு கை மாறி, சாயங்காலம் வாலாஜாபாத் கடையில் இருபது ரூபாய்க்குத் தலைசாய்ந்து கிடக்கும்.

இது எஸ்தருக்கு எப்படித் தெரியும்? விவசாயத்துக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர்.

"ஆறு மணிக்கு வாலாஜாபாத்ல கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கி கடைக்கு போவேன். நம்ம ஊர் கீரதான், ஊரெல்லாம் சுத்திட்டு வந்து வாடிகினு கீது. நாமளே நேரா எடுத்துகினு வந்தா இன்னான்னு அப்பவே நெனச்சேன்."

நினைத்ததைச் செய்யும் நாள் இன்று. மதியம் இரண்டு மணிக்கு மேல் அறுத்து, நூற்றிருபது கட்டு கட்டி, ஈரச்சாக்கு போர்த்தினோம். (நான் கட்டியவை உடனே அவிழ்ந்தன. தேவகி மறுபடி கட்டினார்.) தேவகி முகத்தில்தான் கவலை இருந்தது. மண்டிக்காரரிடம் இன்று சரக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கோபத்தில் நாளை முதல் எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால்? இன்று விற்காமல் போனால் கீரை மாட்டுக்குத்தான்.

ஐந்து மணிக்கு வாலாஜாபாத் வந்து, எஸ்தர் காட்டிய இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார் சேகர். முதல் கம்பெனி பஸ் வந்தது, நிற்காமல் போனது. இரண்டாவதும் போனது. எஸ்தர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடையில் போய்க் கேட்டேன். நெரிசல் அதிகமானதால் பஸ்கள் இப்போது பெட்ரோல் பங்க்கைத் தாண்டித்தான் நிற்கின்றன என்றார்கள். எஸ்தர் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறதே! எல்லோரும் வண்டியில் ஏறிக்கொண்டு அங்கே விரைந்தோம்.

போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் ஒரு பஸ் நின்றது. சீருடையில் முப்பது நாற்பது பேர் இறங்கினார்கள். எஸ்தர் "சிறுகீர பதினஞ்சு" என்று குரல் கொடுத்தார். சிலர் வாங்கினார்கள். ஒரு பெண் கட்டைக் கையில் எடுத்து, நல்ல கீரை என்று சொல்லி, திரும்ப வைத்துவிட்டார்.

"இத ஆஞ்சிகினு ஒக்காந்தா எத்தினி மணிக்கு சமைக்கறது? காலைல அஞ்சுக்கு திரும்ப பஸ்ஸ புடிக்கணும்."

அவர் பின்னாலேயே பலர் போய்விட்டார்கள். பதினேழு கட்டுதான் போயிருந்தது. தேவகி சேகரைப் பார்த்தார். எஸ்தர் யாரையும் பார்க்கவில்லை. வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்து, ஒரு கட்டை அவிழ்த்து, வேரைக் கிள்ளி, பழுத்த இலையைத் தள்ளி, மளமளவென்று ஆயத் தொடங்கினார். ஒரு நொடி கழித்துத் தேவகியும் உட்கார்ந்தார். நானும்தான். சேகர் பக்கத்தில் இருந்த ஒரு டீக்கடைக்குப் போய்ப் பழைய செய்தித்தாள் வாங்கி வந்தார்.

அடுத்த பஸ் வந்தபோது எங்களிடம் இருபது பொட்டலம் தயார். ஆய்ந்த கீரை இருபது ரூபாய், அப்படியே வேண்டுமென்றால் பதினைந்து. இருபதும் நிமிடத்தில் காலி! அதற்கடுத்த பஸ்ஸில் இறங்கியவர்கள் நாங்கள் ஆய்ந்து முடிக்கும்வரை நின்று வாங்கினார்கள். எனக்கு நகமெல்லாம் பச்சை. அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு சாயங்காலத்தைக் கழித்து நாளாகிறது.

இதற்கு நடுவில் தேவகி ஒரு காரியம் செய்தார். காசு வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் வேறென்ன வேண்டும் என்று கேட்டார். ஒருநாள் சமையலுக்கு ஆகிற மாதிரி கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் சேர்த்து ஒரு சின்னப் பொட்டலம் என்றார்கள் பலர். உருவிய முருங்கைக்கீரை கேட்டார் ஓர் இளைஞர்.

எட்டு கட்டு மிஞ்சியது. திரும்பும் வழியில் மண்டிக்காரர் போன் செய்தார். நாளைக்குப் பாதிச் சரக்குதான் வரும் என்று தேவகி தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் கொஞ்சம் முனகிவிட்டு, சரி, வருவது வரட்டும் என்றார். போனை வைத்த பிறகு தேவகி வெகுநேரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இத்தினி வருசமா போட்டுட்டுதான் யாரு வாங்குவாங்கன்னு பாத்துகினு இருந்தோம். இப்போ கேட்டுட்டு போடலாம் போல கீதே" என்றார்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று சாயங்காலம் கடை நடக்கிறது. ஆய்வதற்கு ஊரில் அவர்கள் தெருவிலிருந்தே இன்னும் இரண்டு பெண்கள் கூலிக்கு வருகிறார்கள். ஆய்ந்து தருவதால் கட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கிற அந்த ஐந்து ரூபாய், ஊரை விட்டு வெளியே போகாமல் அந்தத் தெருவிலேயே சுற்றுகிறது. மண்டியும் தொடர்கிறது; மீதிச் சரக்குக்கு அதுவும் வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: செங்கல்பட்டு வழியும் காஞ்சிபுரம் வழியும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். மதிய வெயிலுக்குத் தொப்பி, கையில் சில்லறை, ஈரத்துணி சுற்றிய பை இருக்கட்டும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வேலை முடிந்து களைத்து இறங்குகிறவர்கள் அவர்கள். தேவகி உங்களிடமும் அடுத்த மாதம் என்ன கீரை வேண்டும் என்று கேட்பார். எதுவானாலும் பரவாயில்லை என்று மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதிலை வைத்து அவரால் எதையும் விதைக்க முடியாது.