ரதியின் பேஸ் பெட்டி

ரதி கோபமே வராத பெண் என்று வெள்ளவத்தையில் அந்த மாடிக்குடியிருப்பு முழுக்கப் பேச்சு. அது சரியான கணிப்பு இல்லை. ஓய்வு பெறும்வரை அவள் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நட்டஈட்டுப் பிரிவில் இருந்தவள். கத்திக்கொண்டு வருகிறவரை முதலில் உட்காரவைப்பாள். தேத்தண்ணி கொடுப்பாள். அவர் சொல்வது முழுவதையும் தலையாட்டிக் கேட்பாள். எந்த இடத்தில் பொய் நிற்கிறது என்று பிடிபட்ட பிறகுதான் வாய் திறப்பாள். வீட்டிலும் அதே வழக்கம்தான். அதனால் அவளுடைய கோபம் வந்து சேரக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

ஓய்வு பெற்ற கையோடு தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள் ஒரு பாட்டுச் செட். ஒரு அம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், வயர் இல்லாத சப்வூஃபர் ஒன்று, அதாவது அடிச் சத்தத்தை மட்டும் அதிரவைக்கிற பேஸ் பெட்டி. கச்சேரி என்றால் எல்லோரும் நாதஸ்வரத்தைக் கேட்பார்கள். ரதி தவிலைக் கேட்பாள். அதிலும் தடியால் அடிக்கிற தொப்பிப் பக்கம். அது காதில் விழுந்தால் போதாது, நெஞ்சுக்கூட்டுக்குள் விழவேண்டும் அவளுக்கு. காலி வீதிக் கடைக்காரர் அதைக் கேட்டதும் சப்வூஃபரைத்தான் முதலில் இறக்கிக் காட்டினார்.

"அன்ரி, சத்தத்தை அனுப்புற இந்தச் சின்னப் பெட்டியை அம்ப்ளிஃபயருக்குப் பின்னால செருகிவிடுங்கோ. பேஸ் பெட்டியை எந்த அறையில வைச்சாலும் கேக்கும். பின்னுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. ஒண்டில விட்டால் பாட்டு. பிறகு டீவிக்கும் வேணுமெண்டால் இன்னொரு சின்னப் பெட்டி வாங்கி மாட்டிப்போட்டு ரெண்டில விடுங்கோ. ஒரு பேஸ் ரெண்டுக்கும் காணும்."

முதல் ரசிகை மாமிதான், ரதியின் கணவன் யோகராஜின் தாய். எழும்ப முடியாமல் கிடந்தவர். பின்னேரங்களில் உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, கதவைத் திறந்துவிட்டு ரதி தவிலைப் போடுவாள். "இன்னும் கொஞ்சம் கூட்டிவிடு பிள்ளை, கட்டில் ஆடுறது நல்லாயிருக்கு" என்பார் மாமி.

மாமி போனபோது லண்டனில் இருந்து மூத்த மகன் இராசரத்தினம் வந்தார். கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் திரும்பிப் போவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கடல் பக்கம் பார்த்த மாமியின் அறையை வெள்ளையடித்து, சுவரளவு டீவி ஒன்றும் நாலு மூலைக்கும் ஸ்பீக்கரும் பூட்டி, அதற்குத் 'தியேட்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார். பேஸ் மட்டும் இல்லை.

"ஒரு வீட்டில எதுக்குப் பிள்ளை ரெண்டு?" என்றார். ரதி மறுக்கவில்லை. பகலில் பாட்டுக்கு, பின்னேரம் படத்துக்கு என்று அவளே முறை சொன்னாள். இரண்டாவது சின்னப் பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார். சப்வூஃபர், பாட்டுச் செட் இருந்த ஹோலுக்கும் தியேட்டருக்கும் இடையில் நடைவழியில் நின்றது. பகலில் ஒன்று, பின்னேரம் இரண்டு. மாற்றுகிற வேலை ரதியுடையது. இராசரத்தினம் அந்தப் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்ததில்லை.

இந்த ஒழுங்கு ஒரு கிழமைகூட நிற்கவில்லை. ஒருநாள் ரதி தவிலை மெதுவாகப் போட்டபோது அவர் அறையை விட்டு வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை இது? அம்மான்ரை ஆட்டைத் திவசம் முடிய இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு. மேளம் மங்கல வாத்தியமெல்லே? வருசம் திரும்பாமல் செத்த வீட்டில மேளச் சத்தம் கேக்கலாமோ?"

"அப்ப படம் பாக்கலாமோ, அத்தான்?"

"படம் வேறை. அது சும்மா பொழுது போக. மேளம் கொண்டாட்டம்."

ரதி கணவனைப் பார்த்தாள். யோகராஜ் பேப்பருக்குள் இருந்து, "அண்ணை சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு" என்றார்.

"ஒரு வருசத்துக்கு உனக்கு இது தேவைப்படாதுதானே" என்று சொல்லி இராசரத்தினம் சப்வூஃபரைத் தூக்கிக்கொண்டு போய்த் தியேட்டருக்குள் வைத்தார்.

மாமிக்காகச் சும்மா இருப்பதென்றால் ரதியே இருந்திருப்பாள். மாமியின் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டியவள் அவள். செத்தவருக்கு எப்படித் துக்கம் காக்க வேண்டும் என்று, சவத்துக்கு மட்டும் வந்தவர் சொல்லித் தருவதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. இருந்தாலும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தியேட்டர் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது கேட்டது. "முழு செட்டும் லண்டன் சாமான். இந்த மாதிரி பேஸ் இஞ்சை கடையில எடுக்கேலாது" என்று இராசரத்தினம் சொல்லிக்கொண்டிருந்தார். ரதி தட்டை வைத்துவிட்டு வந்தாள். பொய் நிற்கிற இடம் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. கோயில் திருப்பணிச் சபைக்குப் புதுத் தலைவர் தேவைப்பட்டது; இராசரத்தினத்துக்கு அந்தக் கதிரையில் கண். சபைக்காரர் நாலைந்து பேரைப் பின்னேரம் படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். "பற்றீஸ் கொஞ்சம் கூடப் போடு பிள்ளை" என்று ரதியிடம் சொன்னார். ரதி கிழங்கு அடைத்த பற்றீஸைக் கூடுதலாகவே பொரித்தாள். காலையில் தியேட்டரைக் கூட்டும்போது குனிந்து, சுவிட்சை இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தள்ளினாள். பிறகு ஹோலில் தன் இரண்டு ஸ்பீக்கரையும் சத்தம் வராமல் நிறுத்தினாள். இனி அவள் போடும் பாட்டு ஹோலில் கேட்காது. தியேட்டருக்குள் இருக்கிற பேஸில் மட்டும் விழும்.

படம் ஒரு ஆங்கிலச் சண்டைப் படம். "லண்டன் சாமான், கதிரையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, இப்ப குண்டு விழப்போகுது" என்று இராசரத்தினம் முன்கூட்டியே சொன்னார். குண்டு விழுந்தது. சட்டிமூடி விழுந்த மாதிரி இருந்தது.

"இவ்வளவுதானோ ராசண்ணை?" என்றார் சபையின் செயலாளர் சோதிலிங்கம்.

"பொறுங்கோ, இனித்தான் இருக்கு."

இருந்ததுதான். திரையில் செத்த சிப்பாய்க்கு எல்லோரும் தொப்பியைக் கழற்றி நின்ற நேரம், ஹோலில் ரதி குமிழைத் திருகினாள். பெட்டி தம், தம் என்றது. பிறகு வேகம் பிடித்து இடைவெளியில்லாமல் பொழிந்தது. பற்றீஸ் தட்டு மேசையில் நகர்ந்தது.

திருவிழாக்களில் காது பழகியவர் சோதிலிங்கம். "ராசண்ணை, இது கெட்டிமேளமெல்லோ?"

"படத்தில வாற சத்தம்."

"வெள்ளைக்காரன்ரை சவத்துக்குக் கெட்டிமேளமோ?"

யாரோ சிரித்தார்கள். இராசரத்தினம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். சிப்பாய்கள் ஊமையானார்கள், மேளம் நிற்கவில்லை. டீவியையே நிறுத்தினார். இருண்ட அறையில் கறுப்புப் பெட்டி தனியாகத் தாலி கட்டிக்கொண்டிருந்தது.

"அம்மான்ரை ஆட்டை முடிஞ்சுதோ?" என்று பின்னால் ஒருவர் மெல்லக் கேட்டார்.

அப்போதுதான் ரதி தேத்தண்ணியோடு உள்ளே வந்து லைட்டைப் போட்டாள்.

"உங்கடை ரிமோட்டுக்கு அது நிக்காது, அத்தான். அது என்ரை பெட்டி. ஹோலுக்குள்ள என்ரை செட் பாடுது."

"லண்டன் சாமான் எண்டல்லோ சொன்னவர்?" என்றார் சோதிலிங்கம்.

"காலி வீதியில நான் வாங்கினது, அண்ணை. மாமியும் கட்டில்ல கிடந்து இதிலதான் தவில் கேட்டவ. ஆட்டைக்குள்ள மேளம் கூடாதெண்டு அத்தான் இதை இஞ்சை கொண்டுவந்தவர். நீங்கள் சபைக்காரர், நல்லது கெட்டது தெரிஞ்சனீங்கள். உங்களிட்டயே கேக்கிறன். மேளம் கூடாத வீட்டில, அவ கிடந்த அறையில, தியேட்டர் கூடுமோ?"

அவள் குரல் உயரவேயில்லை. ஒருவருடைய கையில் பாதி கடித்த பற்றீஸ் அப்படியே நின்றது.

"ரெண்டும் கூடாதெண்டும் சொல்லலாம், பிள்ளை" என்றார் சோதிலிங்கம் கடைசியில். "நாங்களும் சேந்திருந்து பாத்தனாங்கள்தானே." தட்டை வைத்துவிட்டு எழும்பினார். மற்றவர்களும் எழும்பினார்கள். இராசரத்தினம் லிஃப்ட்வரை போய் என்னவோ விளங்கப்படுத்தினார். அவர் திரும்பி வந்தபோது ரதி பெட்டியை ஹோலுக்குத் தூக்கிவந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக் கரண்ட் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள்.

தலைவர் கதிரை வேறொருவருக்குப் போனது. ரதி அதற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் செய்தி வந்த அன்று கேசரி கிண்டினாள். இராசரத்தினம் சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்று சொல்லவும் வேண்டியிருந்தது.

பிறகு தினமும் பின்னேரம், அவர் படம் போடுகிற நேரம் பார்த்து, ரதி தவிலைப் போடுகிறாள். கதவைத் திறந்துவைத்துத்தான் போடுகிறாள். ஆட்டைத் திவசம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

போன கிழமை யோகராஜ் வந்து பக்கத்தில் இருந்தார். "அண்ணை கேக்கச் சொன்னவர். கிரிக்கெட் மட்ச் நாளில மட்டும் அந்த பேஸைத் தரட்டாம்."

"அவருக்கு வாய் இல்லையோ?"

"வெக்கப்படுறார். பாவம், ரதி. சுவிட்ச் ஒண்டைத் தட்டுறதுதானே?"

"ஓம், தட்டுறதுதான்."

"அப்ப?"

"தட்டமாட்டன்."

"இன்னும் மனம் ஆறேல்லையோ உனக்கு?"

ரதி கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "இல்லை" என்றாள். குமிழை ஒரு பிடி குறைத்தாள். தியேட்டர் கதவுக்கு அப்பால் ஒரு போர்விமானம் பேஸ் இல்லாமல், காதைச் சுற்றுகிற நுளம்பு மாதிரி இரைந்துகொண்டு போனது. அது முழுதாகப் போய் முடியும்வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் குமிழைக் கூட்டினாள்.